புழுவுக்குப் பெயர் வைப்பதும் ஒரு வேலையா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்துப் பந்தியில் என் பேத்தியும் நானும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். நெடுநாள் நண்பர் ஒருவர் அவளிடம், "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார். "மரப்பட்டையில் வாழும் நூற்புழுக்களை இனம் பிரித்து, புதிதாக இருந்தால் பெயர் வைக்கும் ஆராய்ச்சி தாத்தா" என்றாள். "புழுவுக்குப் பேர் வைக்கிறதும் ஒரு வேலையா?" என்றார் நண்பர். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். குழந்தையின் முகம் வாடிப்போனதை வீடு திரும்பும்போதுதான் கவனித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

மறுவாரம் அவளுடைய வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மெல்லிய துணியில் வைத்து, நீர் நிரம்பிய புனலில் இரவெல்லாம் ஊற விடுகிறார்கள். புழுக்கள் நெளிந்து வெளியேறி அடிக்குழாயில் வந்து தங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மைக்ராஸ்கோப்பில் வைத்து வாயிலுள்ள ஊசியின் நீளம், வாலின் வடிவம், ஆண் புழுவின் இணைசேர் உறுப்பு எல்லாவற்றையும் அளந்து, இதுவரை உலகில் வெளியான விவரங்களோடு ஒப்பிட வேண்டும். இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள். எதனோடும் பொருந்தாவிட்டால்தான் புது இனம். அப்போதும் படம் வரைந்து, விவரம் எழுதி, மாதிரியைக் காப்பகத்தில் சேர்த்து, ஆய்விதழில் வெளியிட்ட பிறகே பெயர் நிலைக்கும்.

"சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன். அவள் ஜப்பான் கதையைச் சொன்னாள்.

1905 வாக்கில் நாகசாகிப் பகுதியில் பைன் மரங்கள் திடீரென்று வாடிச் சாகத் தொடங்கின. பட்டையைத் துளைக்கும் வண்டுகள்தான் காரணம் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். 1971இல் கியோஹாரா, டோகுஷிகே என்ற இரு ஆய்வாளர்கள் செத்த மரத்திலிருந்த நூற்புழுவை நல்ல மரத்தில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மரமும் வாடியது. வண்டு வெறும் வாகனம். கொலையாளி அதன் மேல் சவாரி செய்யும் புழு! 1972இல் அதற்குப் புது இனம் என்று பெயர் சூட்டினார்கள்.

ஆனால் அது புதிதல்ல. 1934லேயே அமெரிக்காவில் ஸ்டைனர், பூரர் என்ற இருவர் மரத்தில் கண்டு விவரித்து வைத்த அதே புழு. இரண்டும் ஒன்றே என்று 1981இல்தான் உறுதியாயிற்று. அதன் பிறகே அது அமெரிக்காவிலிருந்து மரத்தோடு கப்பலேறி வந்தது என்பது தெளிவானது. அங்குள்ள பைன் மரங்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொண்டதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1999இல் அது போர்ச்சுகலிலும் காணப்பட்டது. இன்று நாடு விட்டு நாடு செல்லும் மரப்பெட்டிகளில் ஒரு முத்திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடமாவது சூடாக்க வேண்டும் என்ற விதி பிறந்ததற்கு இந்தப் புழுவே முக்கியக் காரணம்.

இதே புழுவைப் போலவே இன்னொன்று உண்டு. அது மரத்தைப் பொதுவாகக் கொல்லாது. பெண் புழுவின் வால் நுனியில் உள்ள சிறு முனைதான் முக்கிய அடையாளம். அந்த நுனியைப் படிக்கத் தெரிந்தவர் துறைமுகத்தில் இல்லையென்றால் என்ன ஆகும்?

இது பைன் மரத்தோடு முடியவில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு நூற்புழு, தென் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் தென்னையைக் கொல்கிறது. அதைச் சுமக்கும் கூன்வண்டின் உறவினமான சிவப்புக் கூன்வண்டு நம் ஊர்த் தோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. புழு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் அடையாளம் காட்ட வேண்டியவர், நாம் பந்தியில் பார்த்துச் சிரித்த படிப்பைப் படித்தவர்தான்.

நம் தயக்கமும் எனக்குப் புரிகிறது. சுருக்கெழுத்து, தட்டெழுத்துச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்தவர்கள் நாம். வேலை கிடைக்காத படிப்பை நினைத்தாலே பயம். அந்தப் பயத்தால்தான் பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங், மருத்துவம் என்று இரண்டு கதவுகளை மட்டும் காட்டினோம். உயிரினங்களை இனம் காணும் துறையில் வேலை குறைவு என்பதும் பொய்யல்ல. ஆராய்ச்சி உதவித்தொகை முடிந்ததும் என்ன என்ற கேள்விக்கு என் பேத்தியிடமும் பதிலில்லை. ஆகவே பழியைப் பிள்ளைகள் மேல் போடாமல், பல்கலைக்கழகங்களிலும் காப்பகங்களிலும் நிரந்தரப் பதவிகள் வேண்டும் என்று நாம் அரசைக் கேட்க வேண்டும். இதுவரை விவரிக்கப்பட்ட நூற்புழு இனங்கள் இருபத்தையாயிரத்துக்கு மேல். இருக்கக்கூடியவை பத்து லட்சம் வரை என்பது சிலர் மதிப்பீடு. மீதியை எண்ண ஆள் வேண்டாமா?

அடுத்த பந்தியில் ஒரு குழந்தை இப்படி ஏதாவது சொன்னால், "சம்பளம் எவ்வளவு வரும்?" என்பதற்கு முன், "அது எப்படியம்மா செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் அதைக் கேட்க ஒரு வாரம் தாமதித்துவிட்டேன்.