நன்றி என்னும் வினை

எங்கள் திருப்புட்குழியின் பெயரிலேயே ஒரு நன்றிக்கடன் இருக்கிறது. புள் என்றால் பறவை. சீதைக்காகப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் அக்கதையை இன்றும் சுமந்து நிற்கின்றன. உதவியவர் மாண்ட பின்னும் மகன் நிலையில் நின்று செய்ய வேண்டியதைச் செய்தல் என்னும் இக்கதையைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, வாயால் மட்டும் சொல்லப்படும் நன்றியின்மீது எனக்கு நெடுநாள் ஐயம் உண்டு.

பாலுசெட்டிச் சத்திரத்தில் தையற்கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைப் பல்லாண்டாக அறிவேன். நலம் விசாரித்தால் எப்போதும் ஒரே விடைதான்: "அல்ஹம்துலில்லாஹ்." எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பது பொருள். சென்ற ஆண்டு ஒரு கண்ணில் பார்வை மங்கிய பின்னும் அதே விடை. எனக்குச் சற்றுச் சினமே வந்தது. "பாய், கண் போனதற்குமா நன்றி?" என்றேன்.

அவர் சிரித்தார். "கண்ணு போனதுக்கு யாரு சார் நன்றி சொல்வாங்க? ஊசி கோத்துக் குடுக்க இந்தத் தம்பி இருக்கானே, அதுக்குத்தான்" என்று உதவியாளைக் காட்டினார். அன்று மாலை வசூலான பணத்தில் முதலில் அவ்விளைஞனின் கூலியை எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் தம் பங்கை எண்ணினார்.

அந்தக் கூலியில் என் ஐயம் தீர்ந்தது. தாவூதின் குடும்பத்தாரை நோக்கி, நன்றியாகச் செயல்புரியுங்கள் என்னும் பொருளில் திருக்குர்ஆன் பேசுகிறது (34:13). நன்றி அங்கே வினையாகவே நிற்கிறது. மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி பாராட்டாதவரே என்பது நபிமொழியின் கருத்து. நன்றி மறத்தலையும் இறைமறுப்பையும் அரபு மொழி 'குஃப்ர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. மூடி மறைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பெற்ற நலத்தை மண்ணிட்டு மூடுவதே நன்றிகேடு என்ற இந்த எண்ணம், செய்ந்நன்றி அறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவருக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

உமறுப்புலவர் இதை நன்கு உணர்ந்தவர். சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. அவர் மறைவுக்குப் பின் புலவரை ஆதரித்தவர் அபுல்காசிம் மரைக்காயர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு நடுவே, பல இடங்களில் அபுல்காசிமை நிறுத்திப் போற்றுகிறார் புலவர். சடையப்ப வள்ளலைக் கம்பர் போற்றிய மரபு அது. ஒரு மனிதனின் பெயரைச் சொல்வதால் இறைபுகழ் குறைவதில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது.

ஆனால் நன்றிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கொடுத்தவனே அதைக் கேட்டு வாங்கத் தொடங்கினால் அது அதிகாரமாகிவிடும். 'இவ்வளவு செய்தோம், நன்றியோடு இருக்க வேண்டாமா?' என்று கூலியாளைப் பற்றியும் சிறுபான்மையினரைப் பற்றியும் படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். உரிமையைச் சலுகையாக மாற்றும் பேச்சு அது. ஏழைக்கு உணவளிப்போர், உங்களிடம் கைம்மாறும் வேண்டோம், நன்றியும் வேண்டோம் என்பார்கள் என்கிறது திருக்குர்ஆன் (76:9). பெற்றவன் மறக்கலாகாது, கொடுத்தவன் எதிர்பார்க்கலாகாது. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் அறம். ஒன்றை விட்டு மற்றதைப் போதிப்பது சூது.

இனி எங்கள் துறைக்கு வருகிறேன். சீறாவைத் தேர்வுக்குச் சில பாடல்கள் என்ற அளவில் நடத்திவிட்டு, இசுலாமியத் தமிழுக்கு இடமளித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இடம் அளிக்க நாம் யார்? தமிழ் அவர்களிடம் பெற்றது அது. நானும் பல ஆண்டுகள் விலாதத்துக் காண்டத்தைத் தாண்டாமலே பாடம் நடத்தியவன்தான். இவ்வாண்டு ஹிஜ்றத்துக் காண்டம் வரை முழுதும் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தாமதமான கடன்தான். ஆயினும் மண்ணிட்டு மூடாதிருக்க, எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றே.