கீபோர்டு யார் கையில்?

பெரிய காஞ்சிபுரத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து, ஸ்கிராட்ச்சில் ஒரு கேம் செய்யவைக்கிறோம். மட்டை, பந்து, ஸ்கோர், அவ்வளவுதான். 1972இல் வந்த அட்டாரியின் 'பாங்'கூட ஆலன் ஆல்கார்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த வேலைதான்.

ஆனால் குழு என்றதும் வீட்டில் லேப்டாப் உள்ளவன் கீபோர்டைப் பிடித்துக்கொள்கிறான். காலனியிலிருந்து வரும் பெண் படம் வரைகிறாள், நாற்காலி எடுத்துப்போடுகிறாள். "அவளுக்கு அதுதான் வரும்" என்கிறார்கள். யார் முடிவு செய்தது? சாதி வேலையை மட்டுமா பிரிக்கிறது, ஆட்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியது இந்த மேசைக்கும் பொருந்துகிறது, தோழர்களே.

கோர்வைத் தறியில் எதிர்க்கரைக்கு நாடா எறியும் உதவியாள் இல்லாமல் புடவை இல்லை. பெயர் என்னவோ தறிக்காரருக்கு!

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கைமாறட்டும். பந்து மட்டையைத் துளைத்துப் போகிறதா? படம் வரைந்தவளே திருத்தட்டும். நேரமாகும், ஆகட்டும். முதல் திரையில் எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும்.