சாக விடாத வைரஸ்

"வைரஸ் உடலில் நுழைந்தால் என்ன செய்யும்?" என்று கேட்டால், "உயிரணுவைக் கொல்லும்" என்றே மாணவர்கள் பலர் எழுதுகிறீர்கள். தப்பில்லை, ஆனால் பாதி விடைதான். மீதியையும் இடைநிலைப்பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் உயிரணுக்களுக்குத் தங்களையே அழித்துக்கொள்ளத் தெரியும். வைரஸ் புகுந்துவிட்டால், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை விழும். உள்ளிருக்கும் சைட்டோகுரோம் சி வெளியே கசியும். பிறகு உயிரணு துண்டு துண்டாகிவிடும். இதுதான் அபோப்டோசிஸ். வைரஸுக்கும் பெருக இடமில்லாமல் போகும்.

நெடுநாள் குடியிருக்கும் வைரஸ் இதிலிருந்து எப்படித் தப்புகிறது? எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பாருங்கள். 1964இல் ஆண்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் இதை அறிவித்தார்கள். (அச்சோங்கின் பெயர் மட்டும் விடுபட்டுப்போனது எனக்குக் குறைதான்.) இது குடியேறுவது பி-உயிரணுக்களில். அவை எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளை அணுக்கள். கிருமியோடு போராடும் காலத்தில் பி-உயிரணு பிழைக்க, டி-உயிரணுவின் சைகை வேண்டும். கிடைக்காவிட்டால் செத்துவிடும். வைரஸின் எல்எம்பி1 புரதமோ, அந்தச் சைகை ஓயாமல் வருவதுபோல் உயிரணுவை நம்பவைக்கிறது. உடனே, மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழாமல் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் அதிகமாக உருவாகிறது. போதாதென்று, அதே வேலையைச் செய்யும் பிஎச்ஆர்எஃப்1 என்ற சொந்தப் புரதத்தையும் வைரஸ் வைத்திருக்கிறது.

"தந்திரக்கார வைரஸ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு மூளை கிடையாது. உயிரணுவைச் சாகவிடாத வகைகள் நிலைத்தன, அவ்வளவுதான்.

வயதுவந்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது. டி-உயிரணுக்கள் அடக்கி வைத்திருப்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சாக வேண்டிய உயிரணு சாகாமல் பெருகிக்கொண்டே போனால்? அது புற்றுநோய். சரவாக்கின் பிடாயூ மக்களிடையே அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயிலும் இந்த வைரஸுக்குப் பங்குண்டு.

மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப்படுகிறது. அந்த வைரஸின் இ6 புரதம், பழுதான உயிரணுவைச் சாகச் சொல்லும் பி53 புரதத்தையே அழித்துவிடும். "வைரஸ் கொல்லும்" என்று மட்டும் படித்த மாணவிக்கு, ஒரு வைரஸ் தடுப்பூசி எப்படிப் புற்றுநோயைத் தடுக்கும் என்பது எப்படிப் புரியும்? கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காரணம் தெரிய வேண்டாமா?

எப்ஸ்டீன்-பாருக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.