கூரையில்லாத முந்நூறு ஆண்டுகள்



அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் பாலின்டபர் என்றொரு சிற்றூர். அங்குள்ள மடாலயத் தேவாலயத்தின் கதையைப் படித்ததிலிருந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா?

கன்னாக்ட் மன்னர் கஹால் ஓ'கானர், அகஸ்தீனார் சபைத் துறவிகளுக்காக 1216இல் எழுப்பிய ஆலயம் அது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்துக்குப் பிறகு மடத்தின் நிலபுலன்கள் கைவிட்டுப் போயின. 1653இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படையினர் தீ வைத்தார்கள். மரக்கூரை எரிந்து விழுந்தது. ஆனால் பலிபீடத்துக்கு மேலே இருந்தது மரமல்ல, கல்லால் வளைத்துக் கட்டிய விதானம். நெருப்பு அதனிடம் தோற்றுப்போனது.

அந்தச் சின்னக் கல் விதானம் போதும் என்று ஊர் மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். பாதிரியார் அதன்கீழ் நின்று திருப்பலி நிறைவேற்றுவார். மக்கள் நடுக்கூடத்தில், திறந்த வானத்தின் கீழ் முழங்காலிடுவார்கள். மேயோவின் மழையோ அட்லாண்டிக் காற்றோடு சேர்ந்து சாய்ந்தடிக்கும் மழை. நனைந்தபடியே ஜெபித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டைச் சட்டம் போட்டு ஒடுக்கிய காலத்திலும் இங்கே பூசை நிற்கவில்லை. அந்தக் கூடத்தின்மேல் ஒரு கூரையைப் பார்க்காமலேயே எத்தனை பாட்டிகளும் பேத்திகளும் வந்துபோயிருப்பார்கள்!

1846இல் சீரமைப்பு வேலையைத் தொடங்கினார்கள். அப்போது உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, நாட்டையே பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. வேலை பாதியில் நின்றது. 1889இல் மறுபடி கொஞ்சம் நடந்தது. நடுக்கூடத்துக்கு முழுக் கூரை ஏறியது 1966இல்தான், ஆலயத்தின் 750ஆவது ஆண்டில். பங்குத்தந்தை ஈகன் முன்னின்று நடத்த, பழங்கட்டடங்களின் நுணுக்கம் அறிந்த கட்டடக் கலைஞர் பெர்சி லெ கிளார்க் வழிகாட்டினார். தங்கள் காலத்து ஆடம்பரம் எதையும் அவர்கள் அதன்மேல் ஏற்றவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெள்ளைச் சுவர்கள், பழைய கல் வளைவுகள், கிழக்கே தடித்த சுவரைக் குடைந்து வைத்த மேற்புறம் வளைந்த சன்னல்கள். அவ்வளவுதான். பலிபீடப் பகுதியின் தூண் உச்சிகளில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் கைவேலை இன்னும் இருக்கிறது.

கட்டடக் கலைஞருக்கும் பங்குத்தந்தைக்கும் உரிய புகழை நான் குறைக்கமாட்டேன். ஆனாலும் அந்த ஆலயத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டால், பெயர் தெரியாத, மழையில் நனைந்த அந்தக் குடியானவர்களைத்தான் சொல்வேன். ஆள் புழங்காத இடிபாடாக அது கிடந்திருந்தால், 1966இல் கூரை போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோயிலோ, பள்ளிவாசலோ, மாதா கோயிலோ இருக்கலாம். சுவர் விரிசல் விட்டிருக்கும், விளக்கு மட்டும் அணையாமல் எரியும். அதை ஏற்றுகிறவர் யார், எண்ணெய்க்கு யார் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்