மழையில் பார்க்க வேண்டிய பாதை

ஞாயிறு விடியுமுன்னே பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் புறப்பட்டு, உலு லங்காட்டைச் சேர்ந்த பங்சூனை அடைந்து, 1,493 மீட்டர் உயரத்தோடு சிலாங்கூர் மாநிலத்தின் உயர்ந்த சிகரங்களுள் ஒன்றாக விளங்கும் நுவாங் மலையில் ஓடிப் பழகும் நம் இளைஞர்களைக் காண்பது, 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்டின் உச்சியை முதன்முதல் எட்டிய மலேசியர்களான மகேந்திரனையும் மோகனதாஸையும் ஈன்ற சமூகத்துக்குப் பெருமையான விஷயமே. ஆயினும், மலையோட்டப் பந்தயங்களுக்குப் பாதை பார்த்துவரும் காரியம் எத்தனை சிரத்தையோடு நடைபெறுகிறது என்று விசாரிப்பவர்கள் நம்மிடையே சொற்பமே.

வானம் தெளிந்த நாளில், உடல்வலிமை மிக்க நால்வர் அதிகாலையில் ஏறி, தூரத்தையும் ஏற்றத்தையும் ஜி.பி.எஸ். கடிகாரத்தில் பதித்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டால் பாதை பார்த்தாகிவிட்டது என்று கருதுவது அபாயகரமான மயக்கம். பந்தயத்தன்று கடைசியாக வருபவர் அதே பாதையைக் காண்பது பிற்பகல் இடிமழையில் அல்லவா? பங்சூனிலிருந்து லோலோ முகாமை நோக்கிச் செல்லும் அகன்ற மண்சாலை முடிந்த பிறகு, ஓடையைக் கடந்து, பச்சாட் முகாமைத் தாண்டி, வேர்களைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டிய செங்குத்தான சரிவில் ஒருவர் கணுக்கால் பிசகி விழுந்தால், அவரைத் தோளில் சுமந்து இறக்குவதன்றி வேறு மார்க்கமில்லை. காலையில் கணுக்காலளவு ஓடிய நீரோ, மலைமேல் பெய்த மழையால், மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்று அஞ்சும் திடீர் வெள்ளமாக மாறிவிடக்கூடும்.

சீனத்தின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த நூறு கிலோமீட்டர் மலையோட்டத்தில், ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் திடீரெனத் தாக்க, வாகனம் ஏற வழியில்லாத மலைப்பகுதியில் சிக்கி, ஓடிய 172 பேரில் 21 பேர் மாண்டனர். அவர்களுள் அந்நாட்டின் முன்னணி வீரர்களும் இருந்தனர். அது நான்காவது ஆண்டாக நடந்த பந்தயம் என்பதே கவனிக்கத்தக்கது. முன்னைய ஆண்டுகள் விபரீதமின்றிக் கழிந்தமை, பாதையின் பத்திரத்துக்கு அத்தாட்சியாகிவிடவில்லை.

ஆகவே, வன இலாகாவின் அனுமதி பெறுவதோடு நிர்வாகிகளின் கடமை தீர்ந்துவிடாது. மழைக்காலப் பிற்பகலில் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும், சாதாரண நடையுள்ள ஒருவரை முன்னே விட்டுப் பாதையைப் பார்க்கவேண்டும். நுவாங் மலைக் காட்டைத் தலைமுறைகளாக அறிந்த தெமுவான் பழங்குடி மக்களைக் கலந்தாலோசிக்கவேண்டும். எந்த இடத்தில் விழுந்தவரை எவ்வளவு நேரத்தில் இறக்கமுடியும் என்பதைப் பதிவுக் கட்டணம் வசூலிக்குமுன் எழுத்தில் வெளியிடவேண்டும். இதற்குச் செலவு அதிகமாகும் என்பார்கள். அச்செலவைத் தாங்க இயலாத பந்தயம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், அல்லது நடவாதிருக்கட்டும். ஓடுகிறவர்களும், பதக்கம் எப்படியிருக்கும் என்று கேட்குமுன், மழையில் இந்தப் பாதையை யார் நடந்து பார்த்தார் என்று கேட்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால், நிர்வாகிகள் பதில் சொல்லாமல் தப்பமுடியாது.