பொறி என்னும் சொல்

சென்ற விடுமுறையில் எம் பாட்டனாருக்குச் செவித்துணைக் கருவியொன்று வாங்கினோம். பஞ்சாலை நூற்புக்கூடத்தின் இரைச்சலிடையே முப்பதாண்டு உழைத்தவர். ஓய்வு பெறுமுன்னரே செவி மந்தமாயிற்று. கருவியை அணிந்த முதல் நாள், "அப்பாரு, உங்க காது மிசினாப் போச்சுங்க" என்று யான் நகைத்தேன். "மிசின் மிசின்தான் கண்ணு. கேக்கறது நாந்தானே?" என்றார். அவ்விடை என்னை அகராதியின்பாற் செலுத்தியது.

செவியும் பொறி, செவியிற் பொருத்திய கருவியும் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தையும் ஐம்பொறி என்றனர் முன்னோர். எலியைப் பிடிப்பதும் பொறியே. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலின் போர்ப்பொறிகளை அடுக்குமிடத்துக் குரங்கும் பன்றியும் போன்ற உருவினவும் உள. சிந்தாமணியில் அரசி விசயை ஏறிச் சென்றது மயிற்பொறி. மோட்டாரும் பம்பும் செய்யும் நம் கோவையிலோ, பொறி என்னும் சொல்லைக் கல்லூரிப் பெயர்ப்பலகையிலன்றிக் காண்டல் அரிது!

நம் கொங்குநாட்டுக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை ஈண்டு நினைத்தல் தகும். அந்நூலின் முற்பகுதி இன்று கிடைத்திலது. ஆயினும் கதை தெரிந்ததே. யாழிசையால் யானையை வசப்படுத்தும் உதயணன், உள்ளே வீரர் மறைந்திருந்த எந்திர யானையை மெய்யானையென்று கருதிச் சிறைப்பட்டான். எந்திரமாதலின் அது பொறி. அகப்படுத்தலின் அதுவே பொறி. ஏமாந்ததும் அவன் கட்பொறி.

நிற்க. உயிருடலும் எந்திரமும் இணைந்ததொன்றைக் குறிக்க 1960-இல் மான்பிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்னும் இருவர் 'சைபார்க்' என்ற சொல்லைப் புனைந்தனர். விண்வெளியில் மனிதன் வாழுமாறு அவனுடலோடு கருவிகளை இணைத்தல் பற்றியது அவர்தம் கட்டுரை. சொல்லின் முற்பாதி, நார்பர்ட் வீனர் 1948-இல் தம் நூற்குப் பெயராக இட்ட 'சைபர்நெட்டிக்ஸ்' என்பதினின்று வந்தது. அதன் கிரேக்க மூலத்திற்குச் சுக்கான் பிடிப்போன் என்பது பொருள். கலம் வேறு, அதனைச் செலுத்துவோன் வேறு என்பதை அச்சொல்லும் மறந்திலது.

இதனை 'எந்திர மனிதன்' என மொழிபெயர்ப்பாரை யான் உடன்படேன். அது ரோபோவின் பெயர். எம் பாட்டனார் ரோபோ அல்லர். 'பொறியுடல்' என்பேன். நம் வழக்கில் மனிதன் பொறியை உடையவன், தானே பொறியாகான். முப்பதாண்டும் அவரை நூற்கும் எந்திரத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணிய கணக்கேடுகளுக்கு இவ்வேறுபாடு தெரிந்திலது.

ஐம்பொறி உடைய நாம் அனைவருமே பொறியுடலினர் ஆகோமோ என்று வினவினான் விடுதி நண்பன். ஆகுக! அக்கருவி அணிந்தாரை வேற்றினமாக நோக்காதிருக்க அக்குழப்பமே நன்று. பாட்டனாரிடம் இவ்வழக்கைத் தீர்ப்புக்கு வைத்தேன். அவர் ஒன்றும் கேட்டிலர், மின்கலம் தீர்ந்திருந்தது.