சட்டி அடுப்பேறும் முன்

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களிலிருந்து விடுமுறைக்குத் தாய்லாந்து செல்லும் குடும்பங்கள், அங்கு ஒரு நாள் சமையல் வகுப்பில் சேர்வதை நாம் வரவேற்கிறோம். உணவகத்தில் நம்முன் வருவது தட்டு மட்டுமே. வகுப்பிலோ உரலில் மசாலா இடிப்பது முதல் எல்லாம் நம் கையாலேயே நடக்கிறது.

ஆயினும் பன்றி இறைச்சி வெட்டிய பலகையே நமக்கும் தரப்படலாம். கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா, குழம்பில் மது சேருமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஐயமானதை விட்டு ஐயமற்றதை நாடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். கூச்சத்தால் வாய்மூடியிருந்து, பின்னர் ஐயத்தோடு உண்பது முறையன்று. தக்க பதில் கிடைக்காவிடில் வேறு வகுப்பை நாடலாம்.

கற்பதற்கு ஏற்றது மஸ்ஸமான் குழம்பு. அப்பெயர் 'முஸல்மான்' என்னும் சொல்லின் திரிபு என்பர். ஏலம், பட்டை, கிராம்பு, புளி, தேங்காய்ப்பால், வேர்க்கடலை என அதில் சேர்பவை பெரும்பாலும் நம் அடுக்களைப் பொருள்களே. ஊர் திரும்பியபின் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் அரியலூர் முந்திரியும் சேர்த்துச் சமைக்கலாம்.

உடன்வரும் பிள்ளைகள் அக்குழம்பை மறந்தாலும், பெற்றோர் தயங்காமல் ஹலாலைக் கேட்டறிந்ததை மறவார்கள், இன்ஷா அல்லாஹ்.